மருமகனின் புரோகிராம்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. வாசலில் தொங்கிய பலகை அப்படித்தான் சொன்னது. உள்ளே போனால் ஒரு மேசை, ஒரு லெப்டொப், ஒரு சோல்டரிங் அயர்ன், பிறகு நான். பக்கத்து அறையில் முதலாளியின் மனைவி மிளகாய்த்தூள் அரைத்துப் பைகளில் அடைக்கும் இன்னொரு தொழிலை நடத்திக்கொண்டிருந்தார். அதனால் எங்கள் ஆராய்ச்சி தும்மலோடுதான் நடந்தது.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாடிக் குடியிருப்புகளில் கீழ்த் தாங்கியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டரைத் தானாகப் போட்டு, தானாக நிறுத்துகிற ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு சேர்க்கிட் போர்ட், அந்த போர்ட்டில் நகம் அளவு ஒரு சிப். போர்ட் வெளிநாட்டிலிருந்து, மோட்டரைப் போடுகிற சுவிட்ச் தவிர மற்ற எல்லாச் சாமான்களும் ஒட்டப்பட்டு வரும், சுவிட்சைக் கடைசியில் நாங்கள் பூட்டுவோம். சிப்பும் ஒட்டியே வரும், ஆனால் அதன் மூளை வெறுமையாக இருக்கும். மோட்டரை எப்போது போடவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்கிற புரோகிராமை அதற்குள் ஏற்றுவது என் வேலை.

நான் கம்பஸில் படித்த காலத்தில் இதற்காகச் சிப்பைக் கழற்றி எடுத்து, வேறொரு கருவியில் செருகி, எழுதி, திரும்பக் கொண்டுவந்து பூட்டுவோம். அதன் கால்கள் வளையும், சிலது உடையும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. போர்ட்டின் ஓரத்தில் வரிசையாக ஐந்து சின்னத் துளைகள் இருக்கின்றன. லெப்டொப்பிலிருந்து வருகிற வயரின் நுனியில் ஐந்து ஊசிகள். ஊசிகளைத் துளைகளில் வைத்து அழுத்திப் பிடித்தால், எல்லாம் பூட்டி முடிந்த போர்ட்டுக்குள் நேராகப் புரோகிராம் ஏறிவிடும். பிழை என்றால் அழித்துவிட்டு, அதே துளைகளால் திரும்ப எழுதலாம். சுவரில் ஏற்கெனவே பூட்டியிருக்கிற பெட்டிக்குள்ளும் இதைச் செய்யலாம்.

அந்த ஐந்து துளைகளில் எனக்கு மரியாதை இருந்தது. 'நான் பிழை விட்டிருக்கக்கூடும், திரும்ப வரவேண்டி வரும்' என்று ஒத்துக்கொள்கிறவன்தான் துளை விட்டு வைப்பான். அந்தக் கம்பெனியில் அப்படி ஒத்துக்கொண்டது அந்தத் துளைகள் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் பிறக்கும்போதே சரியாகப் பிறந்தவர்கள்.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் குடியிருந்தார். மகளை மெல்பேர்னில் இருந்த ஒரு சொஃப்ட்வெயர் இஞ்சினியருக்குக் கட்டிக்கொடுத்தார். கலியாணம் முடிந்து விமானம் ஏற முன்னர், மருமகன் மாமனாருக்கு ஒரு அன்பளிப்புச் செய்தார். எங்கள் பெட்டிக்குப் புதிதாக ஒரு போர்ட் வரைந்து, புதிதாக ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்தார். அவர் அங்கே செய்தது, ஆட்கள் போனில் சாப்பாடு ஓடர் பண்ணுகிற ஆப் ஒன்றை எழுதுகிற வேலை. தண்ணீர்த் தாங்கியை அவர் கிட்டப் போய்ப் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அதுவரை என்னுடைய புரோகிராம் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "பிள்ளை, இனி மருமகன்ரை புரோகிராமை ஏத்தும்," என்றார் முதலாளி. அவர் 'மருமகன்' என்று சொல்லும்போது குரல் கோயிலுக்குள் கதைக்கிற மாதிரித் தணியும். கம்பெனியில் நாங்கள் எல்லாரும் அவரை 'மருமகன் சேர்' என்றுதான் சொன்னோம், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

பிழை எனக்கு அகப்பட்டது மிளகாய்த்தூளின் புண்ணியத்தில். பக்கத்து அறையில் கிரைண்டரைப் போட்டதும் கட்டடம் முழுக்கக் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது, மேசையில் நான் சுவிட்சும் பூட்டிச் சோதனைக்கு வைத்திருந்த போர்ட் 'டக்' என்று மோட்டருக்குரிய சுவிட்சைப் போட்டது. தாங்கி நிரம்பிவிட்டது என்று அதற்கு நான் சொல்லியிருந்தேன். அது கேட்கவில்லை. கரண்டைப் பிடுங்கித் திரும்பப் போட்டேன். திரும்பவும் 'டக்'. மருமகனின் புரோகிராம் கண் விழித்ததும் மேல் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் முதலில் மோட்டரை ஓட விடுகிறது, நன்றாக ஓடிய பிறகுதான் பார்க்கிறது. நிரம்பிய தாங்கி என்றால் அவ்வளவு நேரமும் தண்ணீர் மொட்டைமாடியிலிருந்து வழிந்து கொட்டும்.

மருமகன் இருக்கிற ஊரில் கரண்ட் போகாது. ஒருமுறை செருகினால் அது செருகினபடியே இருக்கும். கொழும்பில் பெரிய மின்வெட்டுக் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள், ஆனாலும் மழை பெய்தால் போகிறது, காகம் வயரில் இருந்தால் போகிறது, ஒன்றும் நடக்காவிட்டாலும் போகிறது. இது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இந்த ஊரில் பெண் எடுத்தவருக்குத் தெரியவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சேர், புரோகிராம்ல பிழை இருக்கு. கரண்ட் போய் வந்தா மேல பாக்காம மோட்டர் ஓடுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் சொல்லுறது விளங்குது பிள்ளை. ஆனா அவர் எழுதினதிலை நாங்கள் கை வைக்கிறது வடிவில்லை. அவர் என்ன நினைப்பார்? அவர்ரை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?"

"அவர்ட்டயே சொல்லி மாத்தச் சொல்லுவமே சேர்."

"புதுசாக் கட்டின பொடியன். அவருக்குப் போய்ப் பிழை எண்டு சொல்லுறதே?"

அடுத்த நாள் அவர் இரண்டு குழாய்ப் பசை வாங்கி வந்தார். இரண்டையும் கலந்தால் கல்லாக இறுகுகிற சாதி. நான் புரோகிராம் ஏற்றி முடித்த போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த ஐந்து துளைகளின் மேலும் தன் கையாலேயே பசையை ஊற்றினார். ஆட்கள் கொப்பி அடிக்காமல் இருக்க என்றார். எங்கள் பெட்டியைக் கொப்பி அடிக்க வரிசையில் யாரும் நிற்கவில்லை. அவர் பயந்தது என் ஊசிக்கு. யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை நல்லது என்று சாப்பிட்ட கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மரியாதையை மின்சாரத்துக்கும் கொடுத்த முதல் ஆள் எங்கள் முதலாளியாகத்தான் இருக்கவேண்டும். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம், எங்கள் வீட்டில் மருமகன்மாருக்கு முகத்துக்கு நேரேதான் ஏச்சு விழும்.

மருமகனின் புரோகிராம் ஏறிய முதல் பெட்டி முதலாளியின் சொந்தக் குடியிருப்பிலேயே பூட்டப்பட்டது. வெள்ளவத்தையின் பெருந்தெருவான காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு சின்ன ஒழுங்கையில் ஐந்து மாடிக் கட்டடம். அங்கே குடியிருப்பாளர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அந்தச் சங்கத்தார் பெட்டியை வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதுவரை மோட்டரைப் போட்டு நிறுத்தியவர் கேற் காவலுக்கு இருந்த வொச்சர், அவரை நம்ப முடியாது என்பது அவர்களுடைய கருத்து. தானாக ஓடுகிற பெட்டி வந்தது. தண்ணீர் வழியத் தொடங்கியது. உடனே அவர்கள் கண்டுபிடித்தார்கள், வொச்சர் பெட்டியில் கை வைக்கிறான் என்று.

வொச்சர் மலையகத்தில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டப் பக்கத்து மனிதர், மனைவி இல்லாதவர். படிக்கட்டுக்குக் கீழே இருந்த ஒரு அறையில் மகளோடு இருந்தார். அறை வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் அறையும் போகும். மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள், அந்த வருடம் ஓ.எல். பொதுப் பரீட்சை எடுக்கவேண்டிய பிள்ளை. தண்ணீர் கொட்டி மேல்மாடிச் சுவரில் ஈரம் ஏறியதும், காயப் போட்ட பட்டுச் சேலை ஒன்று நனைந்ததும், சங்கம் கூடி அவருக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்தது. மாத முடிவு வரை பார்ப்பார்களாம். இன்னொரு தரம் வழிந்தால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

பெட்டியைப் பார்த்து வரும்படி முதலாளி என்னை அனுப்பியபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. வொச்சர் பெட்டியில் கையால் போடுகிற சுவிட்சைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

"நான் தொடவே இல்லீங்க மிஸ். சத்தியமாத் தொடல. யாரும் தொடக்கூடாதுன்னுதான் இத கட்டி வச்சிருக்கேன்."

"உங்கட பிழை இல்ல. பெட்டிக்குள்ள இருக்கிற புரோகிராம் பிழை," என்றேன்.

அவர் என்னை நம்பாத மாதிரிப் பார்த்தார். பெட்டிகள் பிழை விட்டு அவர் கண்டதில்லை, ஆட்கள்தான் அவருக்கு முன்னால் எப்போதும் பிழை விட்டவர்கள்.

நான் அப்படியே ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். முதலாளி புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சேர், கீழ ஒரு மனிசன்ட வேல போகப்போகுது. பிள்ளைக்கு ஓ.எல். வருது. பத்து நிமிஷ வேல, நான் பசையச் சுரண்டிட்டு வேற புரோகிராம் போடுறன்."

அவர் ஒரு கவளத்தை மென்று விழுங்கினார். "அவன் வேறை வேலை எடுப்பான் பிள்ளை. நான் வேறை மருமகன் எடுக்கேலாது," என்றார்.

மனிதர்கள் தங்களை இவ்வளவு சுத்தமாகச் சொல்லிவிடுகிற தருணங்கள் குறைவு. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. 'பசித்தால் இருந்து சாப்பிடும்' என்றார் அவர் மனைவி. நான் இறங்கி வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, லெப்டொப் பையோடு பஸ் ஏறினேன். கொச்சிக்கடையில் ஏறிய கூட்டத்தில் பையை மடியில் வைத்து, குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு போனேன். வெள்ளவத்தை மத்தியானச் சாப்பாட்டில் இருந்தது. ஒழுங்கை முழுக்கக் கருவாட்டு வாசம். மருமகனின் புதுப் போர்ட்டுக்கு நானே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன், அதில் மூளையைக் கசக்க ஒன்றுமில்லை. கண் விழித்தால் முதலில் மேலே பார், பிறகு கீழே பார், அதன் பிறகு மோட்டரைத் தொடு. அவ்வளவுதான்.

மோட்டருக்குப் போகிற கரண்டை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். வொச்சர் டோர்ச் பிடித்தார். பசை கல்லாகத்தான் இருந்தது. சோல்டரிங் அயர்னால் சூடு காட்டி, இளகிய இடத்தை பிளேட்டால் சீவி, திரும்பச் சூடு காட்டி, திரும்பச் சீவினேன். எரிந்த மீன் செதில் மாதிரி ஒரு நாற்றம். அவர் படிக்கட்டைப் பார்த்தபடியே, "ஐயா ஏசுவாருங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஏச்சு எனக்கு," என்றேன்.

துளைகள் வெளியே வந்தன. ஊசிகளை வைத்துப் பொத்தானைத் தட்டினேன். பெட்டி பைத்தியம் பிடித்த மாதிரி 'டக டக டக' என்று அடித்தது, திரையில் சிவப்பு எழுத்தில் 'முடியவில்லை' என்று வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. புரோகிராம் போகிற அதே வழியில்தான் மருமகன் மோட்டர் சுவிட்சையும் கொண்டுபோய்க் கட்டியிருந்தார். என் மேசையில் அந்தச் சுவிட்சைப் பூட்ட முன்னரே எழுதிவிடுவதால் இது தெரியவில்லை. நான் எழுத எழுத ஒவ்வொரு எழுத்துக்கும் சுவிட்ச் துள்ளுகிறது, துள்ளுகிற துள்ளலில் எழுத்து கெட்டுப்போகிறது. படித்து வாங்கிய பட்டத்தை எங்கே பிரேம் போட்டு மாட்டியிருக்கிறாரோ தெரியாது. சுவிட்சின் ஒரு காலை அந்த வழியிலிருந்து கழற்றி விட்டேன். பெட்டி வாயை மூடியது. திரும்பத் தட்டினேன்.

அவர் சிப்புக்குப் பூட்டும் போட்டிருந்தார், உள்ளே இருப்பதை யாரும் வாசிக்க முடியாதபடி. வாசிக்கத்தான் முடியாது. முழுவதையும் அழித்துவிட்டு வேறொன்றை எழுதுகிறவரை அந்தப் பூட்டு தடுக்காது. மருமகனின் அன்பளிப்பு அழிய நான் ஒரு தும்மல் தும்மும் நேரம்கூட எடுக்கவில்லை. அது எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்.

கழற்றிய காலைத் திரும்ப ஒட்டி, மோட்டருக்கும் கரண்டைத் திரும்பக் கொடுத்து, மேல் தாங்கி நிரம்பியிருக்கிறபோதே மெயின் சுவிட்சை நிறுத்திப் போட்டேன். சத்தமில்லை. திரும்ப நிறுத்திப் போட்டேன். சத்தமில்லை. வொச்சரையும் போடச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் சுவிட்சைப் பிடித்துப் போட்டுவிட்டு, மொட்டைமாடிப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். மகள் அறை வாசலில் பாயை விரித்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். எனக்கு ஒரு பிளேன்டீ வந்தது, சீனி தாராளமாகப் போட்டு.

திங்கட்கிழமை முதலாளியிடம் நானே சொன்னேன், ஒளித்துச் செய்து எனக்குப் பழக்கமில்லை. "சரி. செய்ததைச் செய்துபோட்டீர். இதை வெளியிலை கதைக்க வேண்டாம்," என்றார். "சங்கக் கூட்டத்தில கதைப்பன் சேர்," என்றேன். அவர் மேசையிலிருந்த அடுத்த பில்லை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். நான் வரமாட்டேன் என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு கரண்ட் பலமுறை போய் வந்தது. ஒரு பிற்பகல் இடி மழைக்கு வெள்ளவத்தை முழுக்க இருண்டு திரும்ப வெளிச்சமானது. மொட்டைமாடியிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. மனிதர் தப்பிவிட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மாத முடிவில் வாகனங்கள் நிறுத்துகிற கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு சங்கம் கூடியது. மருமகனும் மனைவியோடு லீவில் வந்திருந்தார், முன் வரிசையில் அவருக்கு மட்டும் குஷன் போட்ட கதிரை. நான் பின்னால் உட்கார்ந்தேன், பையில் பழைய புரோகிராம் உள்ள ஒரு போர்ட்டும், அதோடு கட்டிய ஒரு பல்பும். வொச்சர் கேற்றுக்குப் பக்கத்தில் நின்றார், அவருக்குக் கதிரை இல்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நாங்கள் எச்சரிச்ச நாளிலையிருந்து ஒரு சொட்டுத் தண்ணி வழியேல்லை. அப்ப என்ன அர்த்தம்? முந்தி வேணுமெண்டு செய்திருக்கிறான். அப்பிடிப்பட்ட ஆளை வைச்சிருக்கிறது பாதுகாப்பில்லை."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள், கணக்காளர்கள், ஒரு டொக்டர். அத்தனை படிப்பும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடியது. நான் போய்த் திருத்தியதையே அவர்கள் அந்த மனிதருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

எழும்பினேன். "அவர் ஒண்டும் செய்யல. பெட்டியில இருந்த புரோகிராம் பிழை. கரண்ட் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மோட்டரைப் போடும். நான்தான் வந்து அதை அழிச்சிட்டு வேற போட்டன். சேருக்கும் சொல்லியிருக்கிறன். பழையது இந்தா, என்ட கையில. ஒரு பிளக் தாங்க, இப்பவே காட்டுறன்."

"பிள்ளை, இது சங்கக் கூட்டம்," என்றார் முதலாளி. "பட்டறை இல்லை."

"ஒரு நிமிஷம்தான் சேர்."

அப்போது டொக்டர், இதில் என்ன கஷ்டம் என்பது போல, "எழுதினவர் இஞ்சைதானே இருக்கிறார், அவரையே கேப்பமே," என்றார்.

எல்லாரும் மருமகனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையிலிருந்த போர்ட்டைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். அந்த ஆள் முட்டாள் இல்லை. 'கரண்ட் வந்ததும்' என்று நான் சொன்ன இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது, முகம் சிவந்ததை நான் கண்டேன். "டெஸ்ட் பண்ணினதுதான்," என்றார், போனை எடுத்துக் குனிந்துகொண்டார். பிளக் யாரும் தரவில்லை. முதலாளியின் மனைவி எனக்கு ஒரு கிளாஸ் நெக்டோ சோடா அனுப்பினார். பிள்ளை களைத்துப் போனாளாம்.

அறையைக் காலி செய்ய வொச்சருக்கு ஏழு நாள் கொடுத்தார்கள். அவர் போகிற அன்று நான் போனேன். ஓட்டோ கேற்றுக்கு வெளியே நின்றது, உள்ளே மகளும் பாயும் புத்தகங்களும் ஒரு காஸ் சிலிண்டரும். மருமகன் வாகனத்துக்கு இறங்கி வந்தவர் என்னைக் கண்டு கிட்ட வந்தார்.

"அக்கா, உங்கடை புரோகிராம் ஃபைலை ஒருக்கா அனுப்புவீங்களா? மற்ற பெட்டிகளுக்கும் போட்டா நல்லம்."

"அனுப்புறன். மேல போய் ஒரு வசனம் மட்டும் சொல்லிட்டு வாங்க. 'என்ட புரோகிராமில பிழை இருந்தது' எண்டு."

அவர் படிக்கட்டைப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார், அதுதான் இன்னும் கேவலம். "மாமா மனம் நொந்திடுவார் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போய் வாகனத்தில் ஏறினார்.

கேற் பூட்டியிருந்தது. அவர் ஹோர்ன் அடித்தார். திறக்க யாரும் இல்லை. திரும்ப அடித்தார். வொச்சர் ஓட்டோவிலிருந்து இறங்கி வந்து, கேற்றைத் திறந்து, வாகனம் காலி வீதிப் பக்கம் திரும்பும் வரை ஓரமாக நின்று, திரும்பப் பூட்டினார். சாவியை என்னிடம் நீட்டினார்.

"இத ஐயாகிட்ட குடுத்துருங்க மிஸ். தண்ணி வழிஞ்சு போனதுக்கு மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

"உங்கட பிழை இல்ல எண்டு நான் சொன்னன்தானே? நீங்களே சுவிட்சைப் போட்டுப் பாத்தீங்கதானே?"

"பாத்தேங்க," என்றார். "ஆனா அம்புட்டுப் பேரு படிச்சவங்க சொல்றாங்க. நம்ம மேலயும் ஏதோ இருக்கும்ல மிஸ்."